மகரத்துக்குள் டகரம்

தலைமை ஏற்றிருக்கும் சலாவுதீன் பாய் அவர்களே, புலவரின் துணைவியார் மூக்கம்மாள் அவர்களே, நாற்காலி கிடைத்தவர்களே, நாற்காலி கிடைக்காமல் பனியன் வேஸ்ட் மூட்டைகளின்மேல் உட்கார்ந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே, உள்ளே வரலாமா வேண்டாமா என்று இன்னும் வாசலிலேயே யோசித்துக்கொண்டு நிற்பவர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். மூன்றாவது வரிசையில் ஓரமாக அமர்ந்திருக்கும் ஞானப்பூ அம்மாவுக்கு மட்டும் நான் இன்னும் வணக்கம் சொல்லவில்லை. அதைச் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்பதை இந்த உரை முடிந்தபிறகு அந்த அம்மாவே சொல்லட்டும்.

என் பெயர் தவசி. நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் மேனேஜராக இருக்கிறேன். ஐந்து வருடங்களுக்கு முன்னால் அதே கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். புலவர் அங்கே எலெக்ட்ரீசியன். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

பதினோரு நாட்களுக்கு முன்னால், நல்லூர் பஸ் ஸ்டாப்பில், பட்டப்பகலில், ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, நம்முடைய புலவர் மொக்கைச்சாமி அவர்கள் இறந்துபோனார். வயது நாற்பத்தாறு. எப்படி இறந்தார் என்று ஆளுக்கொரு விதமாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்கும் வருகிறேன். ஒரு மனிதர் செத்த விதத்தை மட்டும் பேசிவிட்டு டீ குடித்துக் கலைவது நமக்குப் புதிதல்ல. இன்றைக்கு அப்படிக் கலைய விடமாட்டேன்.

யார் இந்த மொக்கைச்சாமி? எலெக்ட்ரீசியனா? தமிழ்ப் புலவரா? முதுகுக்குப் பின்னால் "கொர்ர் புலவர்" என்று நாம் எல்லோரும் சிரித்தோமே, அந்தக் கோமாளியா? ஆண்டிபட்டிப் பக்கம் பிறந்தவர். தனியாகப் படித்துப் புலவர் பட்டம் வாங்கினார். வாத்தியார் வேலை வரும் வரும் என்று எட்டு வருடம் காத்திருந்தார். வரவில்லை. வயர்மேன் படிப்பைப் படித்துக்கொண்டு, சட்டைப்பையில் டெஸ்டரும் தோள்பையில் இலக்கணப் புத்தகமுமாகத் திருப்பூருக்கு பஸ் ஏறினார். மோட்டாருக்குள் தலையை விட்டிருக்கும்போது நாம் யாராவது ஒரு சொல்லைத் தப்பாக உச்சரித்தால், தலையை வெளியே எடுத்துத் திருத்திவிட்டு மறுபடியும் உள்ளே விட்டுக்கொள்வார். எரிச்சல் வருமா வராதா? வந்தது!

அவரிடம் ஒரு சுருள் இருந்தது. எரிந்துபோன மோட்டாரிலிருந்து உருவிய செம்புக் கம்பியை ஒரு பெரிய ஆணியில் இரண்டாயிரம் சுற்றுச் சுற்றி, மேலே பனியன் துணிக் கிழிசலைக் கட்டி, இரண்டு முனைகளையும் ஒரு பழைய டேப் ரிக்கார்டரின் மைக் துளையில் சொருகியிருப்பார். அந்தச் சுருளை மிஷின் பக்கத்தில் கொண்டுபோனால் மிஷின் சத்தம் கேட்காது. மிஷினுக்குள் ஓடும் மின்சாரத்தின் சத்தம் கேட்கும். கம்பியில் கரண்ட் ஓடினால் அதைச் சுற்றிக் காந்தம் நடுங்குமாம். அந்த நடுக்கத்தைத்தான் சுருள் பிடிக்கும். நீங்களும் நானும் பக்கத்தில் நின்று கத்தினாலும் அந்தச் சுருளுக்குக் கேட்காது. மனிதக் குரல் அதற்கு இல்லவே இல்லை. இதை மட்டும் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதே குடோனில்தான், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, தான் பதிவு செய்ததை வெட்டி ஒட்டி எல்லோருக்கும் போட்டுக் காட்டுவார். முதல் கூட்டத்துக்கு ஏழு பேர் வந்தோம். நான் வந்தது கேலி செய்ய. பதினெட்டு மிஷின், பதினெட்டு இரைச்சல், ஒன்றின்பின் ஒன்றாக முக்கால் மணி நேரம் ஓடியது. நாலு பேர் எழுந்து போய்விட்டார்கள். நான் கேட்டேன், "ஏனுங் புலவரே, பாட்டு எப்பங்க ஆரம்பிக்கும்?" அவர் டேப்பை நிறுத்திவிட்டு நிதானமாகச் சொன்னார், "முடிஞ்சிருச்சுண்ணே." எல்லோரும் சிரித்தோம். எங்களைவிடச் சத்தமாக அவர் சிரித்தார்.

சிரித்து முடித்தபிறகு ஒன்று சொன்னார். "அண்ணே, க், ங், ச், ஞ்னு பதினெட்டு மெய்யெழுத்து இருக்குல்ல? அதை ஒண்டியா வச்சு ஒரு பேச்சுப் பேச முடியுமா? முடியாது. பக்கத்துல ஒரு உயிரெழுத்து வந்து ஒட்டணும். இந்த மிஷினுக பூராம் வெறும் மெய்யாத்தான் பேசுதுக. உயிரு நம்ம காதுலதான் இருக்கு. நாம கேட்டாத்தான் அது சொல்லு. கேக்கலைன்னா வெறும் இரைச்சல்."

அன்றைக்கு எனக்கு இது பைத்தியக்காரப் பேச்சாகத்தான் பட்டது. ஆனாலும் அடுத்த ஞாயிறும் வந்தேன். அதற்கடுத்த ஞாயிறும் வந்தேன். ஏன் வந்தேன்? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஒரு மாதம் கழித்து, செக்கிங் ஹாலில் டியூப் லைட்டுக்கு அடியில் நிற்கும்போது, சோக்கிலிருந்து வரும் முனகல் காதில் விழுந்தது. பன்னிரண்டு வருடமாக அதே லைட்டுக்கு அடியில்தான் நின்றிருக்கிறேன். அன்றைக்குத்தான் கேட்டேன். "ம்ம்ம்" என்றது. புலவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அந்த மனிதர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், எனக்கு என்னவோ பிள்ளை பிறந்ததுபோல. "மகர மெய்ண்ணே! மெல்லினம்! நல்ல சோக்கு எல்லாம் மகரந்தான் சொல்லும்!"

நிட்டிங் மிஷின் மோட்டார் கெட்டுப்போகும் முன்பே காதால் கண்டுபிடித்தார். பேரிங் போகும் முன்பே சொன்னார். கம்பெனியே அவரை மெச்சியது. நாம் பொழுதுபோக்கு என்று நினைத்தது அவருக்கு அறிவாக இருந்தது. அவருக்கு அறிவாக இருந்தது அவருடைய ஆசையாகவும் இருந்தது. இந்த ஆசைதான் பிறகு அவரைத் தின்றது. அதை மறைத்துப் புகழ்ந்தால் அது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இதோ, கரண்ட் போய்விட்டது.

யாரும் எழுந்திருக்க வேண்டாம். இந்த வருடம் போகாத நாள் எது? ஜெனரேட்டர் போட வேண்டாம் பாய். இருக்கட்டும். மைக் இல்லாமலே பேசுகிறேன். இனிமேல் நான் சொல்லப்போவதை மைக்கில் சொல்லத் தைரியம் வந்திருக்குமோ என்னவோ. பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கிறதா? கேட்கவில்லை என்றால் சொல்லுங்கள், நான் கீழே இறங்கி வருகிறேன்.

2003 நவம்பர். அடைமழை. ஹாலின் தரையெல்லாம் ஈரம். செக்கிங்குக்குப் புது டேபிள்கள் ஆறு வந்திருந்தன. இரும்புக் குழாயில் வெல்டிங் செய்த ஃப்ரேம், மேலே இரட்டை டியூப் லைட். எர்த் இல்லாத இரண்டு பின் பிளக். புலவர் அப்போதே எர்த் கேட்டார். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றோம். யார் சொன்னது? நான்தான் சொன்னேன்.

நாலாவது டேபிளில் நின்றவள் ரோஸ்மேரி. நாசரேத் பக்கத்திலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. இருபத்திரண்டு வயது. இதோ இந்த ஞானப்பூ அம்மாவின் ஒரே மகள். டேபிள் வந்த அன்றைக்குக் காலையில் நான் எல்லாப் பெண்களிடமும் போய்க் கேட்டேன், "புது டேபிள் புடிச்சிருக்குதா கண்ணு?" புடிச்சிருக்குதுங்க, புடிச்சிருக்குதுங்க என்றார்கள். ரோஸ்மேரி கூச்சத்தில் தலையை மட்டும் ஆட்டினாள்.

மறுநாள் மதியம் நான் அந்தப் பக்கம் போகும்போது அவள் கூப்பிட்டாள். கையை உதறிக்கொண்டே சொன்னாள்: "அண்ணாச்சி, டேபிளு புடிக்கி."

நீங்களே சொல்லுங்கள், கொங்கு நாட்டில் பிறந்தவன் இதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வான்? நேற்றுப் புடிச்சிருக்கா என்று கேட்டேன். இன்றைக்கு இந்தப் பெண் பதில் சொல்கிறது. நான் சிரித்துக்கொண்டே சொன்னேன், "புடிச்சாச் செரி கண்ணு, வேலயப் பாரு." பக்கத்து டேபிள் பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எங்கள் எல்லோரோடும் சேர்ந்து அவளும் சிரித்துவிட்டுத் திரும்பவும் அந்த டேபிளில் போய்க் கையை வைத்தாள்.

கரண்ட் பட்டால் நாம் "அடிக்குது" என்போம். அவள் ஊரில் "புடிக்கி" என்பார்களாம். எனக்கு இது தெரியாது. கை உதறியதை என் கண் பார்த்தது. கண் பார்த்ததைக் காது கேட்டது கெடுத்துவிட்டது.

அதே நாள், மாலை நாலரை மணி. புலவர் என்னிடம் வேகமாக வந்தார். கையில் சுருள், கழுத்தில் ஹெட்போன். "அண்ணே, நாலாம் டேபிள்ல மகரத்துக்குள்ள டகரம் வருதுண்ணே" என்றார். அன்றைய மதியம் ஒருத்தி என்னிடம் தமிழில் ஒன்று சொன்னாள். அன்றைய மாலை ஒருவர் என்னிடம் தமிழில் ஒன்று சொன்னார். இரண்டும் ஒரே டேபிளைப் பற்றி. இரண்டும் ஒரே கரண்ட் ஒழுகலைப் பற்றி. நானும் தமிழன்தான்!

"என்னங் புலவரே, வெளங்கற மாதிரிச் சொல்லுங்க" என்றேன். "ம்ம்ம்னு ஓடணும்ணே. ம்ம்ட், ம்ம்ட்டுன்னு விழுகுது. மெல்லினம் பேசுற எடத்துல வல்லினம் வந்தா உள்ள எங்கயோ வயரு காயம் பட்டிருக்கு. மெயின நிறுத்திப் பிரிச்சுப் பாக்கணும். அரை மணி நேரம் போதும்" என்றார்.

இப்போது கவனியுங்கள். டகரம் புரியவில்லை என்று ஐந்து வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பாதி உண்மை. டகரம் புரியவில்லைதான். "வயரு காயம்" புரிந்ததா இல்லையா? "மெயின நிறுத்தணும்" புரிந்ததா இல்லையா? புரிந்தது! மறுநாள் கன்டெய்னர் ஏற வேண்டும். நான் சொன்னேன், "இன்னிக்கு ஆவாதுங்க. ஞாயித்துக்கெழம பாத்துக்கலாம்."

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு, ஞானப்பூ அம்மா, இதை அவரே தன் நோட்டில் எழுதி வைத்திருப்பதால் சொல்கிறேன், அவர் முகத்தில் ஒரு சந்தோஷமும் வந்தது. அந்தச் சத்தத்தை அவர் அதுவரை கேட்டதே இல்லை. இன்னும் ஒருநாள் அது இருக்கும் என்பதில் அவருக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி. திரும்பிப் போய், ஒரு கேசட்டின் ஒரு பக்கம் முழுவதும் பதிவு செய்தார். அவருடைய அழகான கையெழுத்தில் மேலே எழுதினார்: "நாலாம் மேசை. மகரத்துள் டகரம். மாலை 4.35."

மறுநாள் காலை பத்து மணிக்கு ரோஸ்மேரி இறந்தாள். டேபிள் அவளை விடவில்லை. இதற்குமேல் அதைப் பற்றி நான் பேசமாட்டேன். அம்மா இங்கே இருக்கிறார்.

போலீஸ் வந்தது. கேசட் கிடைத்தது. அதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? எலெக்ட்ரீசியனுக்கு முதல்நாளே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் டேப்பில் பதிவு செய்து ரசித்திருக்கிறான்! என்னை விசாரித்தார்கள். "எலெக்ட்ரீசியன் உங்களிடம் ஏதாவது சொன்னாரா?" என்றார்கள். நான், தவசி, அந்த இடத்தில் நின்று, "இல்லீங்க" என்றேன். யாரும் என்னை மிரட்டவில்லை. யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த ஒரு சொல்லை நானே சொன்னேன்.

"இல்லீங்க." எவ்வளவு மரியாதையான சொல்! அந்த ஒரு சொல்லால் ஒரு மனிதர் பதினேழு நாள் ஜெயிலில் இருந்தார். வேலை போனது. திருப்பூரில் ஒரு கம்பெனியும் அவரை உள்ளே விடவில்லை. மூக்கம்மாள் அக்கா ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்து வீட்டைக் காப்பாற்றினார். பிணத்தைப் பாட்டாக்கியவன் என்று ஊர் பேசியது. என்னைச் சூப்பர்வைசரிலிருந்து மேனேஜர் ஆக்கினார்கள்.

அவர் ஏன் உண்மையைச் சொல்லவில்லை? நான்தான் ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னேன் என்று ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? மூக்கம்மாள் அக்கா இதைக் கேட்டு அவரிடம் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறார். அக்காவிடம் அவர் சொன்ன பதிலை அக்கா எனக்கு நேற்றுச் சொன்னார். "நான் லீக்குன்னு சொல்லிருக்கணும் மூக்கம்மா. டகரம்னு சொன்னேன். லீக்குன்னு கத்திருந்தா அந்த மனுசன் நிறுத்திருப்பாரு. எனக்குத் தெரிஞ்ச பாஷையில பேசிட்டு, அவருக்குப் புரியலைன்னு எப்பிடிச் சொல்ல?"

அக்கா, அவர் சொன்னது தவறு. லீக் என்று சொல்லியிருந்தாலும் நான் நிறுத்தியிருக்கமாட்டேன்.

வழக்கு ஐந்து வருடமாக வாய்தாவிலேயே ஓடியது. அரசுத் தரப்பில் நான் இரண்டாவது சாட்சி. கோர்ட் வராந்தாவில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து நின்று கும்பிடுவார். "வாங்கண்ணே" என்பார். நான் தூணைப் பார்த்துக்கொண்டு போவேன்.

ஒருநாள் அவர் என்னைத் தேடிக் கம்பெனி கேட்டுக்கே வந்தார். உதவி கேட்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டுதான் வெளியே போனேன். அவர் கேட்டது இது: "அண்ணே, ஒரே ஒரு சங்கதி. அந்தப் பிள்ள உங்ககிட்ட என்னமோ சொன்னுச்சுன்னு செக்கிங் பிள்ளைக சொல்லுதுக. அர்த்தம் எனக்குத் தெரியும். சரியான உச்சரிப்பு வேணும். புடிக்குதுன்னுச்சா, புடிக்கின்னுச்சா?" குற்றம் சொல்லவில்லை. கோபப்படவில்லை. உச்சரிப்புக் கேட்டு வந்திருக்கிறார்! நான் சொன்னேன், "எனக்கு ஞாபகம் இல்லீங்க." அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்த உச்சரிப்பு அவருக்கு எதற்கு என்பது எனக்கு அப்போது தெரியாது. உங்களில் பலருக்குத் தெரியும், ஏனென்றால் உங்கள் ஒவ்வொருவரிடமும் அவர் வந்திருக்கிறார். முதலிபாளையம் எஸ்டேட் வாசலில், டீ டைமில், டேப் ரிக்கார்டரோடு நின்றிருப்பார். இந்த முறை சுருள் இல்லை, சாதாரண மைக். "கரண்ட் பட்டா உங்க ஊர்ல என்ன சொல்லுவீங்க?" ஒரே கேள்வி. அடிக்குது. கிள்ளுது. சுண்டுது. இழுக்குது. கடிக்குது. ஜிவ்வுங்குது. எறும்பு ஊருது. வடக்கேயிருந்து வந்தவர்களிடம் கேட்டு அதையும் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டார். ஒரே நோவுக்கு நாற்பத்தொரு சொல்!

அந்த நாற்பத்தொன்றையும் ஒரு தாளில் எழுதி ஜெராக்ஸ் போட்டு, கம்பெனி கம்பெனியாகப் போய், மெயின் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்லிக் கெஞ்சினார். முக்கால்வாசி இடத்தில் வாட்ச்மேனே துரத்திவிட்டார். தாளின் தலைப்பு உங்களுக்குத் தெரியும்: "இதில் எந்தச் சொல் காதில் விழுந்தாலும் முதலில் மெயினை நிறுத்து. அப்புறம் அர்த்தம் கேள்."

இந்தக் கூட்டத்தில் பழனாத்தாள் அம்மா இருக்கிறார். எழுந்து நிற்கச் சொல்லமாட்டேன், அவருக்குக் கால்வலி. போன ஆடி மாதம் அவர் வேலை பார்க்கும் இடத்தில், பீகாரிலிருந்து வந்த அயர்ன் மாஸ்டர் ஒருவர் கையை உதறிக்கொண்டு "ஜன்ஜன்" என்று என்னவோ சொல்லியிருக்கிறார். பழனாத்தாள் அம்மா ஓடிப்போய் மெயினை இறக்கிவிட்டார். சூப்பர்வைசர் சத்தம் போட்டாராம், "அந்தாளு என்ன சொன்னான்னு உங்களுக்குத் தெரியுமாங்க?" அம்மா சொன்ன பதில்: "அர்த்தமெல்லாம் தெரியாதுங்க. தாள்ல இருந்துச்சுங்க." அயர்ன் பாக்ஸின் வயர் உள்ளே வெந்துபோயிருந்தது. அந்த மாஸ்டர் இன்றைக்கும் வேலைக்கு வருகிறார். இதைவிடப் பெரிய பட்டம் எந்தப் புலவருக்குக் கிடைத்திருக்கிறது?

ஆனால் தாளின் முதல் வரியை அவர் வெகுகாலம் காலியாகவே வைத்திருந்தார். அது ரோஸ்மேரியின் சொல்லுக்கான இடம். நான் உச்சரிப்பைச் சொல்ல மறுத்த பிறகு அவர் யாரிடம் போக முடியும்? ஞானப்பூ அம்மாவிடம் போனார். மகளைப் புதைத்த ஊரைவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்ப மனமில்லாமல் இந்த அம்மா இங்கேயே பிசிறு வெட்டும் வேலை செய்துகொண்டிருந்தார். முதல் தடவை, "எம்பிள்ள சாவ ரெக்கார்டு போட்டவந்தானல நீ? போல அங்கிட்டு!" என்று விளக்குமாற்றை எடுத்தார். எடுக்கத்தான் செய்வார்! இரண்டாம் தடவை கதவையே திறக்கவில்லை. மூன்றாம் தடவை திண்டாடிப்போய் மழையில் வாசலிலேயே நின்றவரை உள்ளே கூப்பிட்டு, துண்டு கொடுத்து, அம்மா சொன்னார்: "சின்னதுல கெணத்து மோட்டரத் தொட்டுட்டு ஓடியாந்தா. 'எம்மா, புடிக்கி'ன்னா. அவ புடிக்கின்னுதான் சொல்லுவா." அந்த மூன்றாவது தடவையில்தான் தாளின் முதல் வரி நிறைந்தது.

இனி அந்த பஸ் ஸ்டாப். பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. தன்னுடைய கடைசி வேலைக்காக, "நாலாம் மேசை" என்று பெயர் வைத்து அந்த நாற்பத்தொரு குரலையும் மின்சாரத்தின் குரலையும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தாரே, அதற்காக அந்த டிரான்ஸ்ஃபார்மரைச் சுருளில் கேட்டுக்கொண்டிருந்தார். நெஞ்சு வலி வந்து விழுந்தார். பை திறந்துகொண்டது. உள்ளே வயர், பேட்டரி, சுருள். ஸ்பீக்கரில் கொர்ர் என்ற சத்தம். ஊர் ஊராகக் குண்டு வெடிக்கும் செய்தி வந்துகொண்டிருந்த நேரம். "வயரு! பேட்டரி!" என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் பின்வாங்கியது. ஐம்பது பேர், நாற்பது நிமிடம், முப்பதடி தள்ளி நின்று பார்த்தார்கள்.

அவர் ஏதோ சொல்லியிருக்கிறார். டீக்கடை நல்லான் இதோ வாசலில் நிற்கிறார், நான் கதை கட்டவில்லை. "புடிக்குது, புடிக்குது" என்றாராம். நெஞ்சைப் பிடிக்குது என்றிருக்கிறார். நல்லான் காதில் "புடி, புடி" என்று விழுந்திருக்கிறது. குண்டு வைத்தவனைப் பிடிக்கச் சொல்கிறார் என்று நினைத்து இரண்டு பேர் ரோட்டில் ஓடினார்களாம், இல்லாத ஒருவனைப் பிடிக்க. நல்லான் அண்ணா, அழாதீர்கள். உங்களைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. இந்த ஊரில் அந்தச் சொல்லைத் தப்பாகக் கேட்ட முதல் ஆள் நான்.

கடைசியில் சலாவுதீன் பாய் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஓடினார். அந்தப் பையைத் தொட்டால் முதல் சந்தேகம் யார்மேல் விழும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். தொட்டார். தூக்கிக் காட்டினார். "ஏனுங்க, இது நம்ம புலவருங்க! பாட்டுப் பெட்டிங்க இது!" அதற்குள் உயிர் போயிருந்தது. அவர் செய்த இரைச்சலை இந்த ஊரில் முதன்முதலாகப் பாட்டு என்று சொன்னவர் பாய்தான்.

நண்பர்களே, குற்றம் சாட்டப்பட்டவர் இறந்தால் வழக்கு முடிந்துவிடுமாம். வக்கீல் சொன்னார். யார் தவறு என்று எழுதாமலேயே வழக்குக் கட்டு மூடப்படும். எனக்கு எவ்வளவு வசதி! நான் கூண்டில் ஏறவே வேண்டாம். அதனால்தான் இன்று காலை நான்கு பக்கம் எழுதினேன். மதியம் அவள் சொன்னது, மாலை அவர் சொன்னது, நான் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, நான் சொன்ன "இல்லீங்க", எல்லாம் அதில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுப் பாயிடம் கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை ஸ்டேஷனுக்கு நானே எடுத்துக்கொண்டு போகிறேன். நான் போகவில்லை என்றால் பாய் போவார். வேலை போகும், போகட்டும். அந்தத் தாளை இனி நான் தூக்கிக்கொண்டு கம்பெனி கம்பெனியாக நடக்கிறேன். வாட்ச்மேன்கள் என்னைத் துரத்தட்டும். நாற்பத்திரண்டாவது சொல்லை நான் தேடுகிறேன்.

கூட்டம் முடியும்போது இரண்டு நிமிடம் மௌனமாக நிற்பது வழக்கம். பாய் என்னைத்தான் அதை அறிவிக்கச் சொன்னார். மன்னிக்க வேண்டும், அறிவிக்கமாட்டேன். இவருக்கு மௌனம் போதுமான அளவு கொடுத்தாகிவிட்டது. ஐந்து வருடம் நான் கொடுத்தேன். நாற்பது நிமிடம் நல்லூர் கொடுத்தது. இன்னும் இரண்டு நிமிடமா?

எழுந்து நில்லுங்கள். கரண்ட் பட்டால் உங்கள் வீட்டில் என்ன சொல்வீர்களோ, அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். எல்லோரும், அவரவர் சொல்லில். கரண்ட் இல்லாவிட்டாலும் பாயிடம் புலவரின் டேப் இருக்கிறது, பேட்டரி போட்டிருக்கிறார். இதில் சுருள் இல்லை, மைக் இருக்கிறது. நம் குரல் பதியும்.

முதலில் நான். புலவரே, கேட்டில் நின்று நீங்கள் கேட்டீர்களே, ஞாபகம் இல்லை என்றேனே, எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஞானப்பூ அம்மா, உங்கள் மகள் கையை உதறிக்கொண்டு என் முகத்தைப் பார்த்துச் சொன்னதை, அவள் சொன்ன மாதிரியே சொல்கிறேன்.

"அண்ணாச்சி, டேபிளு புடிக்கி."